கண்ணுக்குத் தப்பும் புழு

வயலில் செருப்பில்லாமல் நடக்கிறோம். மண்ணில் உள்ள கொக்கிப்புழு காலைத் துளைத்து உடலுக்குள் போகும். குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும். உடல் வெளுக்கும். வேலை செய்தால் மூச்சு வாங்கும்.

புழு இருப்பதை எப்படி அறிவது? மலத்தை நுண்ணோக்கியில் வைத்து முட்டையைத் தேடுவார்கள். புழு குறைந்தால் முட்டையும் குறையும். சில சமயம் கண்ணில் படாது. புழு இல்லை என்று மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? மிச்சமுள்ள புழுவின் முட்டை மண்ணில் சேரும். ஊரில் மறுபடி பரவும்.

இதற்கு வேறொரு சோதனை உண்டு. அதன் பெயர் பி.சி.ஆர். ஒவ்வோர் உயிருக்கும் மரபணு உண்டு. புழுவின் மரபணு வேறு, நம்முடையது வேறு. மலத்தில் அது துளி இருந்தாலும் கருவி அதைப் படியெடுக்கும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். 30 முறை பெருகினால் 100 கோடியைத் தாண்டும். புழு பிடிபடும்.

பெரியவர்களுக்கும் மாத்திரை கொடுத்தால் ஊரில் புழு பரவுவதை நிறுத்த முடியுமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதை ஆராய்ந்தது. 2017இல் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஆய்வு தொடங்கியது. அதில் இந்தச் சோதனையையே பயன்படுத்தினார்கள்.

இந்தச் சோதனைக்குச் செலவு அதிகம். நம்மால் முடிந்ததை நாம் செய்வோம். செருப்பு அணிவோம். கழிப்பறைக்கே போவோம். குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுப்போம்.