சம்பளம் தரும் இடத்துக்கு எதற்குக் காசு?

ஆலையடிவேம்பிலிருந்து அட்டாளைச்சேனை, பாலமுனை கடந்தால் ஒலுவில் வந்துவிடும். அங்குள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலும் படித்த பிள்ளைகளுக்கு நோர்வே, சுவீடன், டென்மார்க் போய்க் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஆசை இருப்பது நல்லதே. ஆனால் "இடம் எடுத்துத் தருகிறேன், இத்தனை இலட்சம் கட்டு" என்று ஒருவர் சொன்னதும் வீட்டில் நகை அடகுக்குப் போகக் கூடாது. அந்த நாடுகளில் கலாநிதி ஆய்வு என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. சுவீடனில் முழுநேரமாக நான்கு ஆண்டு, நோர்வேயில் மூன்று அல்லது நான்கு, டென்மார்க்கில் மூன்று ஆண்டு. மருத்துவ விடுப்பும் பிள்ளைப்பேற்று விடுப்பும் உண்டு. 2023இல் நோர்வே வெளிநாட்டு மாணவருக்குக் கொண்டுவந்த கல்விக் கட்டணம் இளமாணி, முதுமாணிப் படிப்புகளுக்குத்தான். கலாநிதி ஆய்வுக்கு அது இல்லை. ஆகவே, இடத்துக்கு விலை கேட்பவர் தன் கையில் இல்லாததை விற்கிறார்.

வெற்றிடங்கள் ஒளித்து வைக்கப்படுவதில்லை. நோர்வேயில் 'ஜாப்நோர்கே' தளத்திலும், ஐரோப்பா முழுவதற்கும் 'யூராக்செஸ்' தளத்திலும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்திலும் அவை வெளியாகும். உண்மையான விளம்பரத்தில் பதிவிலக்கம், முடிவுத் திகதி, தேவையான தகைமை, விளக்கம் கேட்க ஒரு பேராசிரியரின் பெயர் எல்லாம் இருக்கும். விண்ணப்பமும் அந்தப் பக்கம் வழியாகவே போகும். ஜிமெயிலில் வரும் நியமனக் கடிதத்தை நம்ப வேண்டாம். அதே பதிவிலக்கத்தைப் பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடுங்கள்.

"ஆளைத் தெரியாமல் அங்கே கிடைக்குமா?" என்று கேட்பார்கள். பேராசிரியர் ஏற்கெனவே அறிந்த மாணவருக்குச் சாதகம் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அறிமுகத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. நல்ல ஆய்வேடும், அவர் கட்டுரையைப் படித்து எழுதிய ஒரு பக்கக் கடிதமும்தான் அதற்கு வழி. தெரிவு எப்படி நடந்தது என்று கேட்கவும் உரிமை உண்டு. அரச ஆவணங்களைப் பார்க்கும் உரிமை சுவீடனில் 1766 முதல் சட்டமாக இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களுக்கு வரும் விண்ணப்பங்களும் அதற்குள் அடங்கும். கலாநிதி மாணவர் நியமனத்தை எதிர்த்து அங்கே மேன்முறையீடு செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"எங்கள் பட்டத்தை ஏற்பார்களா?" என்பது நியாயமான பயம். மூன்றாண்டுப் பொதுப் பட்டம் மட்டும் போதாது. நோர்வேயில் முதுமாணிப் பட்டம் வேண்டும். சுவீடன் நான்காண்டுக்கு இணையான படிப்பையும் அதில் ஓராண்டு முதுமாணித் தரத்திலிருப்பதையும் கேட்கிறது. இந்தக் குறையை எந்த முகவராலும் நிரப்ப முடியாது. ஆய்வேட்டோடு கூடிய முதுமாணி ஒன்றை இங்கேயே முடிப்பதுதான் உருப்படியான வழி.

விசாக் கட்டணம், ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், மொழிபெயர்ப்புச் செலவு இருக்கத்தான் செய்யும். அவற்றை உரிய அலுவலகத்துக்கு நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். 2023இல் நோர்வே தன் கொழும்புத் தூதரகத்தை மூடியது. "இனி எங்கள் மூலம்தான்" என்று சொல்பவருக்கு அது வசதியாகிவிடும். ஆனால் விசா விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் நிரப்பலாம்.

ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, பற்றுச்சீட்டு எதையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வேலை என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் அறிவியுங்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989.