கையிலிருந்து பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'மனூவர்' என்றொரு சொல் உண்டு. படைகள் நிகழ்த்தும் போர்ப்பயிற்சி, குறுகிய துறைமுகத்தில் பெருங்கப்பலைத் திருப்பிக் கரைசேர்க்கும் திறன், அரசியலில் எதிரணியை மடக்க வகுக்கும் தந்திரம் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். அகராதியில் காணும் 'சூழ்ச்சி' என்னும் பொருளை மட்டும் மாணவர் எடுத்தெழுதினால், கப்பலைத் திருப்பிய மாலுமி சூழ்ச்சிக்காரர் ஆகிவிடுவார். இப்பிழையைத் தவிர்க்கச் சொல்லின் பிறப்பை அறிதல் வேண்டும்.

இலத்தீன் மொழியில் 'மானுஸ்' என்பது கை. 'ஓபெராரி' என்பது உழைத்தல். இவை இணைந்து 'கையால் வேலை செய்தல்' என்னும் பொருளில் பழைய பிரெஞ்சு மொழியில் வழங்கின. அங்கிருந்து ஆங்கிலம் அச்சொல்லை இருமுறை கடன் பெற்றது. இடைக்காலத்தில் வந்த சொல், நிலத்தைப் பேணுதல், உழுது பண்படுத்துதல் எனப் பொருள் தந்து, பின்னர் நிலத்துக்கு இடும் எருவின் பெயராயிற்று. எருவைக் குறிக்கும் 'மனியூர்' என்னும் சொல் அதுவே. 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் வந்தபோது, படையையும் கப்பலையும் திறம்பட நகர்த்துதலைக் குறித்தது. திறமையான நகர்வு எதிரியை ஏமாற்றவும் உதவுமாதலின், தந்திரம் என்னும் பொருளும் அதன்மேல் ஏறியது.

ஆயினும் பழைய பொருள் முற்றும் மறையவில்லை. தொண்டையில் சிக்கிய உணவை, வயிற்றின் மேற்பகுதியைக் கைகளால் அழுத்தி வெளியேற்றும் முறையை 1974இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் விளக்கினார். அதுவும் அவர் பெயரோடு 'மனூவர்' என்றே வழங்குகிறது. அங்கே சூழ்ச்சி இல்லை. உயிர்காக்கும் கைவேலையே உண்டு.

தமிழிலும் இத்தகைய பொருள்மாற்றம் நிகழ்ந்துள்ளது. கைத்திறனைக் குறிக்கும் 'கைவரிசை', திருடர் கைவரிசை காட்டினர் எனும்போது களவாகிறது. 'கையாளுதல்' பயன்படுத்துவதைச் சுட்ட, 'கையாடல்' பிறர் பணத்தைக் கவர்வதைச் சுட்டுகிறது. 'சூழ்ச்சி' என்பதே திருக்குறளில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்தது. இன்று பெரும்பாலும் சதியையே குறிக்கிறது. திறமைக்கும் வஞ்சகத்துக்கும் இடையிலுள்ள தொலைவு இரு மொழிகளிலும் சிறிதே.

ஆதலின், இடம் நோக்கியே சொல்லைத் தேர்தல் வேண்டும். படைக்குப் 'போர்ப்பயிற்சி', கப்பலுக்கும் ஊர்திக்கும் 'இலாவகமாகச் செலுத்துதல்', அரசியலுக்குக் 'காய்நகர்த்தல்', மருத்துவத்துக்குச் 'செய்முறை' என எழுதலாம். யார், எதனை, எந்நோக்கத்தோடு நகர்த்துகிறார் என்று வினவிய பின்னரே மாணவர் எழுதுகோலை எடுத்தல் நன்று.