கரையில் காவல் எங்கே?

2024-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதியன்று கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவம் பயின்ற மாணவர் ஐவர் அலைக்கு இரையானார்கள். அதற்கு முந்திய தினமும் அதே ஜில்லாவின் கரையில் உயிர்ச்சேதம் நேர்ந்திருந்தது. பிறர் பிராணனைக் காப்பாற்றுவதற்கென்று வருஷக்கணக்கில் படித்தவர்கள் சில நிமிஷங்களில் தங்கள் பிராணனை இழந்தார்கள். பெற்றோர் பட்ட துயரத்தைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. அதை எழுத்தில் வடிக்க முயல்வதே ஒருவகை அபசாரம்.

“விதி” என்று பெருமூச்சு விட்டுவிட்டு மறுநாள் வேறு விஷயத்துக்குப் போய்விடுவது நம் ஜனங்களின் வழக்கம். இதை விதி என்று ஒப்புக்கொள்ள நாம் தயாராயில்லை. அந்த அலைகள் வரப்போவது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தென்னிந்தியக் கரைகளுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. கரைக்குச் செல்லத் தடை இருந்ததென்றும், மாணவர்கள் தென்னந்தோப்பு வழியாகக் கடலை அடைந்தார்களென்றும் அப்பொழுது செய்திகள் கூறின. சர்க்கார் தன் கடமையைச் செய்துவிட்டது என்பதற்கு இதைச் சிலர் ஆதாரமாகக் காட்டலாம். நமக்கோ இதிலிருந்துதான் கேள்வியே பிறக்கிறது. வாயிலில் தடை இருந்தது சரி. மணலில் யார் இருந்தார்?

அன்று வந்த அலையின் பெயர் கள்ளக்கடல். கள்ளனைப் போல் ஓசையின்றி வந்து கரையேறுவதால் கேரளக் கரையின் மீனவர்கள் இப்பெயரை இட்டார்கள். 2012-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனமும் இச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் காணாதவர்கள் என்று நாம் சற்று அலட்சியமாக நினைக்கும் பரதவர் சமூகத்தின் ஒரு சொல், உலக விஞ்ஞானிகளின் அகராதியில் ஏறியிருக்கிறது. இதில் நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் அச்சொல்லின் பொருள் நமது பட்டணத்து வாலிபர்களுக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது!

இந்த அலை பிறப்பது நம் கடலில் அன்று. பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே, மனித வாசனையே அற்ற தென் சமுத்திரத்தில் பெரும் புயல்கள் வீசுகின்றன. அவை எழுப்பும் நீண்ட அலைகள் புயலை விட்டுப் பிரிந்து வடக்கு நோக்கி வருகின்றன. ஓரலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 18 வினாடி இருக்குமானால், அவ்வலைக் கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 1200 கிலோமீட்டர் வீதம் முன்னேறும். தெற்கே 45-ஆவது பாகையில் கிளம்பிய அலை குமரிமுனையை எட்ட ஏறக்குறைய ஐந்து நாள் பிடிக்கும். அது வந்து சேரும்போது இங்கே வானம் தெளிந்திருக்கும். காற்றும் மெல்ல வீசிக்கொண்டிருக்கும். நடுக்கடலில் அதன் உயரம் கண்ணுக்குத் தெரியாது. கரையோரத்து ஆழங்குறைந்த நீரை அடைந்ததும் அதன் வேகம் தடைப்பட்டு உயரம் வளர்கிறது. சற்று நேரம் சாதுவாக இருந்த கடலில் திடீரென்று நாலைந்து பேரலைகள் அடுத்தடுத்து எழும்பி, பாறைமேல் நிற்பவனையும் வழித்துக்கொண்டு போகின்றன.

ஐந்து நாள்! சென்னையில் மாலையில் புறப்படும் ரயில் மறுநாள் காலையில் கன்னியாகுமரியில் நிற்கிறது. 2020-ஆம் வருஷம் முதல் மேற்படி மையம் இவ்வலைகளைத் தனியாகக் கணித்து முன்னறிவித்து வருகிறது. இவ்வளவு அவகாசமும் இவ்வளவு சாஸ்திர ஞானமும் இருந்தும், செய்தி கடைசி நூறு கஜத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறது.

அலையைவிட ஜனங்கள் அறியாத அபாயம் மற்றொன்று உண்டு. கரையை நோக்கி அலைகள் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். கரைக்கு இணையாக நீருக்கடியில் கிடக்கும் மணல்மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அங்கே அது ஒன்றுகூடிக் குறுகிய ஆறு போலக் கடலுக்குள் பாய்கிறது. இதுவே இழுவை. பள்ளத்தில் ஆழம் அதிகமாதலால் அலை உடைவதில்லை, நுரை குறைவு, நீர் சற்றுக் கறுத்து அமைதியாகத் தோன்றும். அலைக்குப் பயந்த மனிதன், “இவ்விடம் சாந்தமாக இருக்கிறது” என்று எண்ணி, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சரியாக அங்கேயே இறங்குகிறான். இதைவிடக் கொடிய வஞ்சகம் உண்டோ?

வலுத்த இழுவையின் வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். உலகின் தலைசிறந்த நீச்சல் வீரரும் 100 மீட்டரைக் கடக்க 46 வினாடிக்கு மேல் எடுக்கிறார். அதாவது அவர் வேகமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிணற்றிலும் குளத்திலும் நீந்தப் பழகிய நம்மவர் இதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முயன்றால் களைத்து மூழ்குவது நிச்சயம். ஆனால் இழுவை ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை. அலைகள் உடையும் இடத்துக்கு அப்பால் கொண்டுபோய் அங்கே வலுவிழந்துவிடுகிறது. ஆகையால் அகப்பட்டவன் பதறாமல் மிதந்து, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தை விட்டு விலகிய பிறகே கரை நோக்கித் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவன் வெறுங்கையோடு குதிப்பது தியாகமாகலாம், உதவியாகாது. காலித் தகரம், கயிறு, லாரி டியூப் ஆகியவற்றில் கைக்கு அகப்பட்டதை எறிவதே புத்தி. ஒருவன் மூழ்க, அவனைப் பிடிக்கப் போன இருவர் மூழ்கினார்கள் என்ற செய்தியை நாம் எத்தனை தடவை படித்துவிட்டோம்!

இப்படிப்பட்ட கடலைப் பிற தேசத்தார் எப்படிச் சமாளித்தார்கள்? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் பாண்டை கடற்கரையில் 1938-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி பேரலைகள் அடுத்தடுத்து வந்து, நீராடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் உள்ளே இழுத்துச் சென்றன. இறந்தவர் ஐவர். கணபதிபுரத்தில் இறந்தவரும் ஐவரே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அங்கே மற்றவர்கள் பிழைத்தது கடலின் கருணையால் அன்று. கயிற்றோடும் மிதவையோடும் பயின்ற உயிர்காப்புத் தொண்டர் பலர் அவ்வேளையில் கரையில் திரண்டிருந்தார்கள். அவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே அந்நாட்டில் இத்தகைய சங்கங்கள் தோன்றிவிட்டன. சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடையில்தான் நீராடலாம் என்பது இன்று அங்கே குழந்தைகளுக்கும் பாடம்.

நமது தேசத்தில் மாநாட்டுக்குத் தொண்டர் படை உண்டு, ஊர்வலத்துக்கு உண்டு, தலைவருக்கு மாலை போட வருகிற கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் உண்டு. கடற்கரைக்கு மட்டும் ஏன் கிடையாது? கொல்லங்கோட்டு நீரோடியிலிருந்து குமரிமுனை வரை நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர் கிராமங்கள் இருக்கின்றன. 1741-இல் குளச்சலில் வந்திறங்கிய டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மர் முறியடித்த கரை இது. 2004-ஆம் வருஷத்துச் சுனாமியில் தன் மக்களை வாரிக்கொடுத்த கரையும் இதுவே. அந்தச் சுனாமிக்குப் பிறகே, 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை வேளையில் எட்டவில்லையென்று இவ்வூர்த் தாய்மார் தெருவில் நின்று கதறினார்கள். பாடம் புதிதன்று. கருவிகள் வாங்குவதில் காட்டும் ஊக்கத்தைச் செய்தியை மனிதனிடம் சேர்ப்பதிலும் காட்டவேண்டுமென்றுதான் நாம் சொல்கிறோம்.

அலையின் குணத்தை நின்ற இடத்திலிருந்தே சொல்லக்கூடிய இளைஞர்கள் அவ்வூர்களில் இருக்கிறார்கள். மழைக்காலக் கொந்தளிப்பில் தொழிலின்றி வீட்டிலிருப்பவர்களும் அவர்களே. அவர்களில் ஊருக்கு ஆறு பேருக்குப் பயிற்சியும், மாதச் சம்பளமும், மிதவைகளும், ஒரு ஊதுகுழலும் கொடுப்பதற்கு ராஜ்ய சர்க்கார் திவாலாகிவிடாது. ஹைதராபாத்தின் அறிக்கை கலெக்டர் ஆபீஸில் கோப்பாகக் கிடக்காமல், அன்றைக்கே நாகர்கோவில் பஸ் நிலையத்திலும், விடுதிகளிலும், கோயில்களின் ஒலிபெருக்கியிலும் பேச வேண்டும். அதுவும் “உயரலை எழும்பும் வாய்ப்புள்ளது” என்ற ஆபீஸ் பாஷையில் அல்ல. “இன்று கள்ளக்கடல், காலை நனைக்காதே” என்று ஊர்ப் பாஷையில் சொல்ல வேண்டும்.

நமது கட்சி ஊழியர்கள் இந்த வாரமே தத்தம் ஊர்க் கரைக்குப் போய்ப் பார்க்கட்டும்: காவலர் எத்தனை பேர், கயிறு இருக்கிறதா, மிதவை இருக்கிறதா, எச்சரிக்கைப் பலகையின் எழுத்தாவது தெரிகிறதா? கண்டதை எழுதிப் பஞ்சாயத்திலும் சட்டசபை அங்கத்தினரிடத்திலும் கொடுக்கட்டும். பள்ளி விடுமுறையும் கள்ளக்கடலும் சேர்ந்து வருவது ஏப்ரல், மே மாதங்களில். அதற்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி முடித்தாக வேண்டும்.