தொப்பையா, உப்புசமா? எக்ஸெல் சொல்லும் பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பீர்கள். சட்டையின் கடைசிப் பட்டன் இழுத்துப் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் கம்ப்யூட்டர் முன் எட்டு மணி நேரம் வேலை. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே கம்பெனி பஸ்ஸிலும் உட்கார்ந்துதான் வருகிறேன்.

திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மச்சானுக்கும் இதே பிரச்சினை. "கேன்டீன் சாப்பாடு, எல்லாம் கேஸ்தான் மாமா" என்பார். நானும் அப்படியே நம்பினேன். இருவரும் ஒரு மாதம் எக்ஸெல்லில் அளவுகளைக் குறித்த பிறகுதான், ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு வயிறும் வெவ்வேறு என்று புரிந்தது. அந்த ஒர்க்ஷீட்டை நீங்களும் தயாரிப்பது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டும் ஒன்றல்ல

உப்புசம் என்பது பெரும்பாலும் காற்று. செரிக்காத மாவுப்பொருள் பெருங்குடலை அடையும்போது அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, வாயு உண்டாகிறது. கொண்டைக்கடலை, பருப்பு, வெங்காயம், முட்டைக்கோஸ் ஆகியவை இதில் முக்கியமானவை. சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. சோடா குடிப்பதும், அவசரமாக விழுங்குவதும், மலச்சிக்கலும் இதைக் கூட்டும். இந்த வீக்கம் வரும், போகும்.

தொப்பை என்பது கொழுப்பு. இது காலையில் குறைந்து மாலையில் ஏறாது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை விட, குடலையும் கல்லீரலையும் சுற்றித் தங்கும் கொழுப்புதான் ஆபத்தானது. இதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலைச் சென்று சேர்கின்றன. நாளடைவில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. சர்க்கரை நோய்க்கு வழி திறக்கிறது.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். என் உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பி.எம்.ஐ. 22.8. இந்திய மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட பொது அறிக்கையின்படி 23-க்குக் கீழே இருந்தால் சரியான எடை. ஆனால் அதே அறிக்கை இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறது: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இந்தியர்களில் பலருக்குக் கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றில் சேரும் என்பதால்தான் இந்தத் தனி எல்லை.

அளப்பது எப்படி?

பேன்ட் சைஸ் கணக்கில் வராது. நான் அணிவது 34 இஞ்ச் பேன்ட். அதாவது சுமார் 86 செ.மீ. ஆனால் நாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே அல்லவா கட்டுகிறோம்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில் தையல்காரர் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளவைப் பாருங்கள். எனக்கு வந்தது 94 செ.மீ.

ஒர்க்ஷீட் தயாரிப்போம்

1. எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் தேதி, காலை, இரவு, வித்தியாசம், சாப்பிட்டது என்று ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் போதும், அது இலவசம்.

2. காலையில் எழுந்து கழிப்பறை சென்று வந்ததும், எதுவும் சாப்பிடாமல் ஒரு அளவு. இரவு படுக்கும் முன் ஒரு அளவு. ஷிப்ட் வேலை என்றால் தூங்கி எழுந்ததும், தூங்கப் போகும் முன்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. வித்தியாசம் என்ற தலைப்பின் கீழ் உள்ள செல்லில் சமக்குறி டைப் செய்து, இரவு அளவு உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி இட்டு, காலை அளவு உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள்.

4. விடை வந்த செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற நாட்களுக்கும் ஃபார்முலா பரவிவிடும்.

5. வாரக் கடைசியில் காலை அளவுகளுக்குக் கீழே கர்சரை வைத்து, ஆட்டோசம் பட்டனின் அருகில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்து ஆவரேஜ் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

எப்படிப் படிப்பது?

காலை அளவின் சராசரியே எல்லையைத் தாண்டினால் அது தொப்பை. காலையில் எல்லைக்குள் இருந்து, இரவில் மட்டும் எகிறினால் அது உப்புசமும் அன்றைய சாப்பாடும். மச்சானுக்குக் காலையில் 84, இரவில் 90. "சாப்பிட்டது" காலத்தைப் பார்த்தால், அதிகம் எகிறிய நாட்களில் எல்லாம் ஷிப்டில் ஏழெட்டுப் பால் டீ. டீயை இரண்டாகக் குறைத்தார். வித்தியாசமும் பாதியாகக் குறைந்தது. எனக்கோ காலையிலேயே 94. நான் 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தது கேஸே அல்ல!

அடுத்த ஷீட்: ஆபத்து மதிப்பெண்

சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் ஒரு எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். கண்டறியப்படாத சர்க்கரை நோய் யாருக்கு இருக்கலாம் என்று ஊகிக்க உதவும் முறை இது.

வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50 முதல் 30.

இடுப்பு: எல்லைக்குள் 0, ஆண்கள் 90-99, பெண்கள் 80-89 என்றால் 10, அதற்கு மேல் 20.

உழைப்பு: உடற்பயிற்சியும் கடின வேலையும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30.

பெற்றோருக்குச் சர்க்கரை நோய்: இல்லை 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20.

மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். எனக்கு வயது 43. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 20, 10, 30, 10 என்று கூட்டினேன். 70! மறுநாளே வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்தேன். 112 வந்தது. 126 வந்தால் நோய். இது நோய்க்கு முந்தைய படி என்றார் டாக்டர். அப்பாவுக்கு நோய் தெரிய வந்தபோது கால் புண் ஆறாமல் இருந்தது. அந்த நிலைக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

என்ன செய்தேன்?

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. இன்டர்நெட்டில் மின்னும் பெல்ட், பொடி விளம்பரங்களைக் கிளிக் செய்யவே வேண்டாம். தினமும் 45 நிமிட வேக நடை, இரவில் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறி, கேன்டீன் போண்டாவுக்கு விடை. கம்ப்யூட்டரில் அரை மணிக்கு ஒருமுறை அலாரம். அடித்தால் எழுந்து நடக்க வேண்டும். ஆறு மாதத்தில் காலை சராசரி 91. சர்க்கரை 103. மதிப்பெண் இன்னும் 60-தான். இடுப்பு 90-க்குக் கீழே வந்தால் 50 ஆகும். லைன் சார்ட் போட்டுப் பார்த்தால் கோடு மெதுவாகத்தான் இறங்குகிறது, ஆனால் இறங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. சில வாரங்களாகியும் உப்புசம் அடங்கவில்லையா? காரணமின்றி எடை குறைகிறதா? மலத்தில் ரத்தமோ, தொடர்ந்து வாந்தியோ உள்ளதா? எக்ஸெல்லை மூடிவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். குறிப்பாக 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வரும் உப்புசத்தைக் 'கேஸ்' என்று ஒதுக்கவே கூடாது. சினைப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம். டாக்டரிடம் போகும்போது ஒர்க்ஷீட்டைப் பிரின்ட் எடுத்துச் செல்லுங்கள். "எத்தனை நாளாக?" என்ற கேள்விக்கு உங்களிடம் சரியான பதில் இருக்கும்.