ஓர் உயிருக்கு 10 புள்ளி! சர்வாதிகாரி திருடிய பணத்தில் பிலிப்பைன்ஸ் கொடுத்த நஷ்ட ஈடு

கொல்லப்பட்டவர், காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் 10 புள்ளி. சித்ரவதைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர் என்றால் 6 முதல் 9. பிடித்துச் சிறையில் அடைக்கப்பட்டவர் என்றால் 3 முதல் 5. மிரட்டி நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர், தொழிலைப் பறிகொடுத்தவர் போன்றோருக்கு 1 அல்லது 2.

படிக்கும்போதே மனதைப் பிசையும் இந்தக் கணக்கு, ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் குடியரசுச் சட்டம் எண் 10368. சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அவர் சுவிஸ் வங்கியில் பதுக்கிய பணத்தையே எடுத்து நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்ன சட்டம் இது. உலகில் எத்தனையோ சர்வாதிகாரிகள் விழுந்திருக்கிறார்கள். ஆனால், திருடியவரின் பணமே பறிகொடுத்தவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்த கதைகள் மிகக் குறைவு.

அந்தப் பணம் வந்து சேர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் நாட்டின் அரசியல் வேறு பாதையில் போய்விட்டது.

கேள்வி கேட்ட மாணவர்

1965-ல் தேர்தலில் ஜெயித்து அதிபரானவர் மார்க்கோஸ். 1969-ல் இரண்டாம் முறையும் ஜெயித்தார். மூன்றாம் முறை போட்டியிட அரசியல் சட்டத்தில் இடமில்லை. 1972 செப்டம்பரில் நாடு முழுவதும் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் மூடப்பட்டது. பத்திரிகை அலுவலகங்களுக்குப் பூட்டு. எதிர்க்கட்சித் தலைவர்கள் இரவோடு இரவாகக் கைது செய்யப்பட்டார்கள்.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் சுமார் 70,000 பேர் சிறைப்பட்டார்கள், 34,000 பேர் சித்ரவதைக்கு ஆளானார்கள், 3,200-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் என்பது ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு சொல்லும் கணக்கு. ஆளைக் கடத்திக் கொன்று, உடலைத் தெருவில் வீசிவிட்டுப் போவதற்கு அந்நாளில் பிலிப்பைன்ஸ் மக்கள் வைத்த பெயர் 'சால்வேஜ்'. ஆங்கிலத்தில் 'மீட்பது' என்று பொருள் தரும் சொல், அங்கே கொலைக்கான சொல்லாகிப்போனது.

1977 ஆகஸ்ட் மாதம் மணிலாவில் ஒரு கலந்துரையாடல் கூட்டம். மேடையில் மார்க்கோஸின் மகள் ஐமி. அவர்தான் அரசு உருவாக்கிய தேசிய இளைஞர் அமைப்பின் தலைவி. 21 வயது மாணவர் ஒருவர் எழுந்து, அந்தப் பதவிக்கு அவர் நியமிக்கப்பட்டது பற்றிக் கேள்வி கேட்டார். மெய்க்காவலர்கள் அவரை வெளியே இழுத்துப்போனார்கள். குடும்பத்துக்குத் திரும்பிக் கிடைத்தது சித்ரவதைக் காயங்களுடன் கூடிய உடல்தான்.

அன்றைய பிலிப்பைன்ஸில் அந்தத் தாய்க்கு வழக்குப் போட வழியில்லை. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார்.

நான்கு நாள் புரட்சி

1983 ஆகஸ்ட் 21. நாடு கடந்து வாழ்ந்த எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அகினோ மணிலா விமான நிலையத்தில் இறங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவரை பயத்தில் அடங்கியிருந்த நடுத்தர வர்க்கமும் தெருவுக்கு வந்தது. நெருக்கடி முற்றியதும் 1986 பிப்ரவரி 7-ல் திடீர்த் தேர்தல் நடத்தினார் மார்க்கோஸ். எதிர்த்து நின்றவர் நினோயின் மனைவி கோரி அகினோ.

வாக்கு எண்ணிக்கையில் தகிடுதத்தம் நடந்தது. தேர்தல் ஆணையத்தின் கணினி ஊழியர்கள் 30 பேருக்கு மேல், திரையில் தெரியும் எண்ணிக்கையும் தாங்கள் பதிவு செய்ததும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி வேலையை விட்டு வெளியேறினார்கள். பிப்ரவரி 22-ல் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் ராணுவத் துணைத் தளபதி ராமோஸும் அணி மாறினார்கள். அவர்களைக் காக்க வாருங்கள் என்று கார்டினல் சின் வானொலியில் அழைக்க, எட்சா என்ற நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். பீரங்கி வண்டிகளுக்கு முன் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு மண்டியிட்டார்கள். 25-ம் தேதி இரவு மார்க்கோஸ் குடும்பம் அமெரிக்க விமானத்தில் ஹவாய் தீவுக்குப் பறந்தது. அரண்மனைக்குள் போன மக்கள் கண்டது, இமெல்டா மார்க்கோஸின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிக் காலணிகளை!

சட்டம் மாறியது, ஆட்கள் மாறவில்லை

கோரி அகினோ அரசு சீர்திருத்தத்தில் வேகம் காட்டியது. 1987-ல் புதிய அரசியல் சட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள். அதிபருக்கு ஆறு ஆண்டுகள் கொண்ட ஒரே ஒரு பதவிக்காலம். மறுபடி போட்டியிட முடியாது. ராணுவச் சட்டம் கொண்டுவந்தாலும் 60 நாள்தான். அதை ரத்துசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது சரிதானா என்று பார்க்க உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. தனியே ஒரு மனித உரிமை ஆணையமும் வந்தது. மார்க்கோஸ் நடந்துவந்த வழி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அடைத்த சட்டம் அது.

ஆனால், குற்றம் செய்தவர்களைத் தண்டிப்பதில் அந்த வேகம் இல்லை. காரணம், புரட்சியிலேயே இருந்தது. என்ரிலே, ராணுவச் சட்ட காலத்தின் பாதுகாப்பு அமைச்சர். ராமோஸ், அன்றைய காவல் படையின் தலைவர். கடைசி நான்கு நாளில் அணி மாறியதால் இருவரும் புரட்சியின் நாயகர்கள் ஆனார்கள். ராமோஸ் 1992-ல் நாட்டின் அதிபராகவே ஆனார். பழைய ராணுவத்தின் தயவில் வந்த ஆட்சி, அதே ராணுவத்தைக் கூண்டில் ஏற்றுவது எப்படி? கோரியைக் கவிழ்க்க அடுத்தடுத்து ராணுவக் கிளர்ச்சிகள் வேறு நடந்தன.

பழைய வழக்கங்களும் போகவில்லை. 1987 ஜனவரி 22-ல் நிலம் கேட்டு அதிபர் மாளிகை நோக்கி ஊர்வலம் வந்த விவசாயிகள் மீது பாதுகாப்புப் படையினர் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழைய ஆட்சியின் கொடுமைகளை விசாரிக்க நியமிக்கப்பட்ட குழுவின் தலைவர் ஹோசே டியோக்னோ, மார்க்கோஸ் காலத்தில் சிறையில் இருந்தவர். இந்தச் சம்பவத்தைக் கண்டித்துப் பதவி விலகினார். அடுத்த மாதமே புற்றுநோயால் இறந்தார்.

சம்பளம் 3 லட்சம், சேமிப்பு 65 கோடி!

தண்டனைக் கதவு மூடிக்கொண்டபோது, இன்னொரு கதவு திறந்தது. அது பணத்தின் கதவு.

பதவியேற்ற சில நாள்களிலேயே கோரி அகினோ, மார்க்கோஸ் குடும்பம் சுருட்டிய சொத்துகளை மீட்கத் தனி ஆணையம் அமைத்தார். மொத்தம் 500 கோடி முதல் 1,000 கோடி டாலர் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. 1968-லேயே 'வில்லியம் சாண்டர்ஸ்', 'ஜேன் ரயன்' என்ற பொய்ப் பெயர்களில் மார்க்கோஸும் இமெல்டாவும் சூரிச் வங்கியில் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். 1986 மார்ச்சில் சுவிட்சர்லாந்து அரசு அந்தக் குடும்பத்தின் கணக்குகளை முடக்கியது.

பணம் உடனே வரவில்லை. 11 ஆண்டுகள் சட்டப் போராட்டம். 1997 டிசம்பரில்தான் சுவிஸ் உச்ச நீதிமன்றம் பணத்தை மணிலாவுக்கு மாற்ற அனுமதித்தது. ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வழி செய்ய வேண்டும் என்பது சுவிஸ் தரப்பின் எதிர்பார்ப்பு.

2003 ஜூலையில் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் ஓர் எளிய கணக்குப் போட்டது. 20 ஆண்டுகளில் கணவன், மனைவி இருவரும் அரசுப் பதவிகளில் சட்டப்படி வாங்கிய சம்பளம் சுமார் 3.04 லட்சம் டாலர். சுவிஸ் கணக்கில் வட்டியோடு சேர்ந்து இருந்ததோ 65.8 கோடி டாலர்! இந்த வித்தியாசத்துக்கு விளக்கமே இல்லை என்று சொல்லி, முழுப் பணத்தையும் அரசுக்குப் பறிமுதல் செய்தது.

ஹவாயில் கிடைத்த தீர்ப்பு

இதற்கிடையே, மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய் 1986 மார்ச்சில் ஹவாயில் வழக்குப் போட்டிருந்தார். மார்க்கோஸ் குடும்பம் அங்கே இருந்ததால், அமெரிக்க மண்ணில் வழக்குப் போட முடிந்தது. வெளிநாட்டவரும் சர்வதேசச் சட்ட மீறலுக்காக அமெரிக்க நீதிமன்றத்தை நாடலாம் என்று 1789-லேயே இயற்றப்பட்ட ஒரு பழைய சட்டம் கைகொடுத்தது. அவருக்குச் சாதகமாகச் சுமார் 40 லட்சம் டாலர் தீர்ப்பு வந்தது.

அதே நீதிமன்றத்தில் 9,500-க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்கள் சேர்ந்து தொடுத்த கூட்டு வழக்கும் நடந்தது. 1989-ல் மார்க்கோஸ் ஹவாயிலேயே இறந்தும் வழக்கு நிற்கவில்லை. 1992-ல் ஜூரிகள் அவரது தரப்பே பொறுப்பு என்றார்கள். 1995-க்குள் விதிக்கப்பட்ட மொத்தத் தொகை கிட்டத்தட்ட 200 கோடி டாலர்.

தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம் எங்கே? அமெரிக்காவில் அகப்பட்ட சொத்துகளிலிருந்து சிறுகச் சிறுக வந்தது. 2011-ல் ஆளுக்கு 1,000 டாலர். 2019-ல் 1,500 டாலர். இப்படி வந்த பணத்தில், இமெல்டாவின் முன்னாள் செயலாளர் விற்ற மோனே ஓவியத்தின் பணமும் இருந்தது.

பெரிய தொகை மணிலாவில் இருந்தது. அங்கே ஒரு தர்மசங்கடம். மீட்கப்படும் ஊழல் பணம் முழுக்க நிலமற்ற விவசாயிகளுக்கான நிலச் சீர்திருத்தத்துக்கே போக வேண்டும் என்று ஏற்கெனவே சட்டம் இருந்தது. ஏழை விவசாயியின் பங்கிலிருந்து எடுத்துத்தான் சித்ரவதைக்கு ஆளானவருக்குக் கொடுக்க முடியும். இதைத் தீர்க்கப் புதிய சட்டம் தேவைப்பட்டது. எட்சா புரட்சியின் 27-ம் ஆண்டு நிறைவான 2013 பிப்ரவரி 25-ல் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர், அப்போதைய அதிபர் மூன்றாம் பெனிக்னோ அகினோ. விமான நிலையத்தில் கொல்லப்பட்ட நினோயின் மகன்!

11,103 பெயர்கள்

ஒதுக்கப்பட்டது 1,000 கோடி பெசோ. விண்ணப்பித்தவர்கள் 75,000 பேருக்கு மேல். பரிசீலிக்கும் வாரியத்துக்குத் தலைவராக ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியை நியமித்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் கொதித்துப்போனார்கள். ஆதாரம் காட்டுவதும் எளிதாக இல்லை. 40 ஆண்டுகளுக்கு முந்தைய கைதுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? சித்ரவதை செய்தவர்கள் ரசீது கொடுப்பதில்லையே!

2018-ல் இறுதிப் பட்டியல் வந்தது: 11,103 பேர். ஒரு புள்ளிக்குச் சுமார் 1.76 லட்சம் பெசோ. ஓர் உயிருக்கு, அதாவது 10 புள்ளிக்கு, சுமார் 17.6 லட்சம் பெசோ.

எந்தத் தொகையும் ஒரு பிள்ளையைத் திருப்பித் தராது. ஆனால், இந்தச் சட்டம் பணத்தோடு இன்னொன்றையும் கொடுத்தது. 'இவர் அரசால் பாதிக்கப்பட்டவர்' என்று அரசே பெயர் எழுதி ஒப்புக்கொண்டது. கலகக்காரர், கம்யூனிஸ்ட், தேசவிரோதி என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பெயர்கள் அரசுப் பட்டியலில் ஏறின. அவர்களுக்காக நினைவு ஆணையம், அருங்காட்சியகம், பள்ளிப் பாடம் ஆகியவற்றுக்கும் சட்டம் வழி வகுத்தது.

மீண்டும் மார்க்கோஸ்

1991-ல் நாடு திரும்பிய இமெல்டா, 1995-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2016 நவம்பரில், உச்ச நீதிமன்ற அனுமதியோடு மார்க்கோஸின் உடல் மாவீரர் மயானத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. 2018-ல் ஊழல் தடுப்பு நீதிமன்றம் 89 வயது இமெல்டாவை ஏழு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றது. ஜாமீன் பெற்று மேல்முறையீடு செய்தார், சிறைக்குப் போகவில்லை. 2022 மே மாதத் தேர்தலில், மகன் போங்போங் மார்க்கோஸ் 3.1 கோடிக்கும் அதிகமான வாக்குகளுடன் அதிபரானார்.

ராணுவச் சட்ட காலம் பொற்காலமாக இருந்தது என்று சொல்லும் வீடியோக்கள் பல ஆண்டுகளாக ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் சுற்றிக்கொண்டிருந்தன. பார்த்தவர்களில் பெரும்பாலோர் எட்சாவுக்குப் பிறகு பிறந்தவர்கள். பெற்றோர் சொல்லாததை, பள்ளி அழுத்தமாகச் சொல்லாததை, செல்போன் வேறு மாதிரி சொன்னது.

அப்படியென்றால் அந்த 30 ஆண்டுப் போராட்டம் வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மகன் அதிபராக வந்தும், ஆறு ஆண்டுக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காரமுடியாதபடி 1987 அரசியல் சட்டம் நிற்கிறது. சித்ரவதையைக் குற்றமாக்கும் சட்டம் 2009-ல் வந்தது. ஆளைக் காணாமல் ஆக்குவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2012-ல் வந்தது. இரண்டும் அந்த இருண்ட காலத்தின் பாடத்திலிருந்து பிறந்தவை.

பிலிப்பைன்ஸ் பணத்தை மீட்டது, சட்டத்தைத் திருத்தியது. குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றுவதையும், நடந்ததை அடுத்த தலைமுறைக்குச் சொல்வதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது. அந்த இடைவெளியில்தான் பழைய பெயர் திரும்பி வந்தது. ஆனாலும் 11,103 பெயர்கள் அரசு ஏட்டில் இருக்கின்றன. எந்தத் தேர்தல் முடிவாலும் அழிக்க முடியாத தீர்ப்பு அது. அதை எடுத்துப் படித்துக் காட்ட, வீட்டிலும் பள்ளியிலும் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.