மிஸ்ஸுக்கு நான் கொடுத்த இரண்டு புள்ளி

தவணை முடிவில் விரிவுரையாளர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பாவிட்டால் எங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்வு முடிவைப் பார்க்க முடியாது. அதனால் எல்லாரும் அவசர அவசரமாகத் தட்டிவிடுவோம். புள்ளியியல் மிஸ்ஸுக்கு எல்லாவற்றிலும் நான்கு, ஐந்து என்று போட்டேன். ‘வகுப்புக்கு வெளியே மாணவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குகிறார்’ என்ற இடத்தில் மட்டும் இரண்டு. கருத்துப் பகுதியில் ‘ஆளைப் பிடிப்பதே கடினம்’ என்றும் எழுதினேன்.

உண்மைதான். வகுப்பு முடிந்ததும் மிஸ் போய்விடுவார். சந்தேகம் என்றால் சிற்றுண்டிச்சாலையில் பத்து நிமிடம் அல்லது கார் நிறுத்துமிடத்தில் அவருடைய மைவி பக்கத்தில் நின்றபடி. “மிஸ், உங்க ரூம் எங்கே?” என்று ஒருமுறை கேட்டேன். “பார்ட் டைமுக்கு ரூம் ஏதும்மா?” என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொழிற்பயிற்சிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு, தவணை முடிந்தபின் அவரைச் சந்தித்தேன். அப்போதுதான் கணக்கு தெரியவந்தது. பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஒரு மணி நேரத்துக்கு 60 வெள்ளி. கேட்டதும், பரவாயில்லையே என்று தோன்றியது. வாரம் மூன்று மணி நேரம், 14 வாரம், மொத்தம் 2,520 வெள்ளி. ஆனால் எங்கள் வகுப்பில் 58 பேர். ஆளுக்கு இரண்டு இடுபணி, ஒரு தேர்வுத்தாள். ஒன்றைத் திருத்த 15 நிமிடம் என்றாலே 43 மணி நேரத்துக்கு மேல். பாடம் தயாரிக்க வாரம் மூன்று மணி, போக வர இரண்டு மணி. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால், பெட்ரோலும் டோலும் கழிக்காமலே மணிக்கு 16 வெள்ளி சொச்சம். இரண்டாம் படிவ மாணவர்கள் இருவருக்கு வீட்டில் மலாய்மொழி டியூஷன் எடுக்கும் நான் மணிக்கு 25 வெள்ளி வாங்குகிறேன். மிஸ் முதுகலைப் பட்டதாரி.

தவணை நான்கு மாதம் என்றால், ஒரு வகுப்புக்கு மாதம் 630 வெள்ளிதான். மூன்று வகுப்பு கிடைத்தால்தான் நாட்டின் குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளியைத் தாண்ட முடியும். அதனால்தான் மூன்று கல்லூரிகளுக்கு ஓடுகிறார். தவணை விடுமுறையில் அதுவும் இல்லை.

2025 தைப்பூசம் செவ்வாய்க்கிழமை வந்தது, எங்கள் வகுப்பு நாள். நாங்கள் குதூகலித்தோம். மிஸ் சனிக்கிழமை மாற்று வகுப்பு வைத்தார். பாதிப் பேர்கூடப் போகவில்லை, நானும் போகவில்லை. “சனிக்கிழமைகூட விடமாட்டாங்களா” என்று வாட்சாப் குழுவில் புலம்பியது வேறு. மாற்று வகுப்பு எடுக்காவிட்டால் அந்த 180 வெள்ளி அவருக்குக் கிடைக்காது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காடு வரை வேலை செய்பவரே பகுதி நேர ஊழியர். அவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மருத்துவ விடுப்பும் உண்டு என்கின்றன 2010ஆம் ஆண்டு விதிமுறைகள். ஒரு கல்லூரியில் வாரம் மூன்று மணி, இன்னொன்றில் ஆறு மணி என்று வகுப்பறை நேரத்தை மட்டும் கடிதத்தில் எழுதினால் எந்த இடத்திலும் அந்த 30 விழுக்காடு எட்டாது. திருத்தும் நேரம் கடிதத்தில் வருவதே இல்லை. மிஸ்ஸின் கடிதத்தில் அவர் ஊழியர்கூட இல்லை, ‘சேவை வழங்குநர்’. ஆகவே முதலாளி தரப்பு இபிஎஃப் சந்தா கிடையாது, சொக்சோவும் கிடையாது. நம்மில் சிலர் முதுகலை முடித்துவிட்டு இதே வேலைக்குப் போகலாம். கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்.

என் இரண்டு புள்ளியைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார். அடுத்த தவணைக்கு அழைக்கும்போது மதிப்பீட்டையும் பார்ப்பார்களாம். “உன்னால இல்லம்மா. மாணவர் எண்ணிக்கை குறைஞ்சா முதல்ல போறது நாங்கதான்” என்றார். இந்தத் தவணை அட்டவணையில் அவர் பெயர் இல்லை.

எங்களுக்கு இப்போது வந்திருக்கும் சார் புதியவர். முதல் வகுப்பு முடிந்ததும் கைப்பேசி எண்ணைப் பலகையில் எழுதினார். சந்தேகம் இருந்தால் கீழே சிற்றுண்டிச்சாலைக்கு வரலாம், ஆனால் ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றார். ஆறரைக்கு அவருக்கு வேறொரு கல்லூரியில் வகுப்பு.