மார்கழிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு

நம் கிழக்குக் கரையில் கடல் பார்க்கப் போக நல்ல காலம் எது என்று கேட்டால், அடைமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் என்பேன். மணல் சுடாது. பகல் பதினோரு மணிக்கும் குழந்தைகளை வெயில் வாட்டாது. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரைகள் வந்து இறங்கியிருக்கும். கன்னியாகுமரியில் ஏறத்தாழ அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் சூரியன் கடலில் எழுவதையும் கடலிலேயே மறைவதையும் ஒரே நாளில் பார்க்க முடியும். அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு, காணும் பொங்கல் எல்லாம் இந்தச் சில வாரங்களுக்குள் வந்துவிடுவதால் ஊரே கரைக்குத் திரண்டு போகிறது.

போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வர வேண்டும், ஏமாறாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

வானம் வெளுத்துவிட்டால் கடலும் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான துயரங்கள் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலைக் கிளறிவிட்டுப் போன பிறகும் கொந்தளிப்பு சில நாள் நீடிக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு தாழ்வு மண்டலம், வெயில் அடிக்கும் நம் கரையிலும் பெரிய அலைகளை அனுப்பும். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், 'புயல் தூரத்தில்தானே இருக்கிறது' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மழைக்கால அலைகள் கரை மணலை அரித்துக்கொண்டு போயிருக்கும். சென்ற கோடையில் முழங்கால் ஆழம் இருந்த இடம் இப்போது ஆளை மூழ்கடிக்கும். மெரினா போன்ற சரிவான கரைகளில் இரண்டு எட்டு வைத்தாலே தரை தட்டாமல் போய்விடும்.

'கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது' என்று சொல்கிறோமே, அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தப்பிக்கும் வழியும் தெரியும். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். அடிமணல் மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அது ஒன்றுகூடி, குறுகலான ஓட்டமாகக் கடலுக்குள் பாய்கிறது. கரையிலிருந்து பார்த்தால் இருபுறமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலை உடையாமல், கலங்கலாகவோ கருமையாகவோ அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் பயமில்லாத இடம் என்று தேடி இறங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்த ஓட்டம் ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. எதிர்த்து நீந்துகிறவர்கள் களைத்துப்போய் மூழ்குகிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். ஓட்டத்தைவிட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்பலாம். நீந்தத் தெரியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி ஆள் கூப்பிட வேண்டும்.

கரையில் நிற்பவர் செய்யக்கூடாதது, பின்னாலேயே குதிப்பது. ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போன வீடுகள் நம் ஊர்களில் உண்டு. கயிறு, காலி பிளாஸ்டிக் கேன், தெர்மாகோல் என மிதக்கும் எதையாவது வீசுங்கள். பக்கத்தில் வலை உலர்த்தும் மீனவரைக் கூப்பிடுங்கள். 112-ஐ அழையுங்கள். கடலுக்குள் படகு விபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. மீட்டுக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் பல ஊர்களில் இன்னும் நடக்கின்றன. இரண்டும் தவறு. மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், 108 ஆம்புலன்ஸ் வரும் வரை. எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும், தண்ணீர் குடித்தவரை மருத்துவமனையில் காட்டியே தீர வேண்டும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரும்.

படகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகச் சென்றவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். 'சும்மா ஒரு ரவுண்டு' என்று கூப்பிடும் மீன்பிடிப் படகு மீன்பிடிக்கத்தான் பதிவு செய்யப்பட்டது, பயணிகளை ஏற்ற அல்ல. முகத்துவாரத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் மோதுமிடத்தில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். உரிமம் பெற்ற படகுத்துறையில், சீட்டு வாங்கிக்கொண்டு, எண்ணி ஏற்றும் படகில் மட்டும் ஏறுங்கள். உயிர்காப்பு உடை கேட்பது உங்கள் உரிமை. உங்கள் அளவுக்குப் பொருந்தும் உடையாக, குழந்தைக்குக் குழந்தை உடையாகக் கேளுங்கள். 'கரைக்குப் பக்கத்திலேதான் போறோம், தேவையில்ல சார்' என்று சொல்கிறவரின் படகில் ஏறாதீர்கள்.

மழைக்குப் பிறகு கூவமும் அடையாறும் சென்னையின் கழிவுநீரையெல்லாம் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. 2019 கடைசியில் பட்டினப்பாக்கம் பகுதிக் கரையில் வெண்ணுரை மலைபோல் குவிந்தபோது குழந்தைகள் அதில் புரண்டு விளையாடினார்கள், பெரியவர்கள் படம் எடுத்தார்கள். சுத்திகரிக்காத கழிவும் சோப்பு ரசாயனமும் சேர்ந்த நுரை அது, தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாது. புயலுக்குப் பின் கரை ஒதுங்கும் நீல நிறச் சொறிமீன்களையும் தொடக்கூடாது, செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளைக் குச்சியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உரிமைகளைப் பார்ப்போம். கடற்கரை எந்த விடுதியின் முற்றமும் இல்லை. கடற்கரை போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே, அவை மக்களுடையவை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கில் தெளிவாகச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஓத நீர் ஏறி இறங்கும் பகுதியில் விடுதிகள் வேலி போடக்கூடாது. மக்கள் கரைக்குப் போய்வர இரு விடுதிகளுக்கிடையே 20 மீட்டராவது வழி விட வேண்டும். 'இது எங்க பிரைவேட் பீச்' என்று காவலாளி தடுத்தால், அங்கே சண்டை போட வேண்டாம். இடம், தேதியுடன் படம் எடுத்து மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் எழுதுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. வாழ்நாளில் முதன்முறையாக அலையில் கால் நனைத்தவர்களின் முகத்தை அந்தப் பாதையில் பார்த்தவர்கள், இது ஒவ்வொரு கரைக்கும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டியே உங்கள் ஊர்க் கரைக்கும் அதைக் கேட்கலாம்.

பணம் விஷயத்தில், கரையோரக் கடையில் தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக்கூடாது. வாகன நிறுத்தத்துக்கு உள்ளாட்சியின் ரசீது இல்லாமல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முன்பதிவு செய்த அறை ஒன்று, கொடுத்தது வேறு என்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விடுதி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு ரசீதும் முன்பதிவுச் செய்தியும் கையில் இருக்க வேண்டும், அழித்துவிடாதீர்கள்.

காணும் பொங்கல் கூட்டத்தில் போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் எண்ணை எழுதிய பட்டையைக் கட்டுவார்கள். கேட்டு வாங்கிக் கட்டுங்கள். குழந்தை காணாமல் போனால் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. இரவில் கரையில் நிற்பவர்கள் இன்னொரு விருந்தாளியையும் நினைக்க வேண்டும். ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். முட்டையை எடுத்தால் வனவுயிர்ச் சட்டப்படி மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எத்தனையோ கரைகளில் ஒரு எச்சரிக்கைப் பலகைகூட இல்லை, இருந்தாலும் உப்புக் காற்றில் எழுத்து அழிந்து கிடக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உங்கள் ஊர்க் கரைக்கு ஒரு கயிறு, இரண்டு மிதவை, படிக்கும்படியான ஒரு பலகை, விடுமுறை நாட்களில் உயிர்காக்கும் பயிற்சி பெற்ற இரண்டு மீனவ இளைஞர்கள் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுங்கள். ஒப்புகை ரசீதை மறக்காமல் வாங்கி வாருங்கள்.